எல்லோரும் மேலே பார்த்த நேரம்

குளிர்காலம் முழுக்கப் பனியும் மழையும் மாறி மாறிக் கொட்டித் தீர்த்த வருடம் அது. மே பிறந்ததும் றூஜ் ஆற்றங்கரைக் காடு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. அஜின்கோர்ட் முதியோர் சங்கத்திலிருந்து இருபது பேர், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூவும் குருவியும் பார்க்கப் போனார்கள். அவர்களில் ஒருத்திதான் மனோரஞ்சிதம்.

கூட்டிக்கொண்டு போனவள் பேர்ணடெற். வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி, குருவிப் பைத்தியம்.

"வடிவாக் கேளுங்கோ. கண்ணால மட்டும் பாருங்கோ. ஒரு இலை பிடுங்கினாலும் குற்றம். பிடிபட்டா எங்கட சங்கத்தை இனி உள்ள விடமாட்டினம்."

"நாங்கள் என்ன ஆடே பிள்ளை, இலை தின்ன?" என்றார் ஒரு கிழவர். எல்லோரும் சிரித்தார்கள். மனோரஞ்சிதமும் சிரித்தாள்.

ஒரு மேட்டில் பேர்ணடெற் நின்றாள். "உது காட்டு உள்ளி. இலையைக் கசக்கினா வெள்ளைப்பூடு மாதிரி மணக்கும்."

பிள்ளைகளே, பச்சையாய் ஒரு இலையைக் கண்டால் வறைதான் நினைவுக்கு வரும் சாதி நாங்கள். முருங்கையிலை, முசுட்டை, பொன்னாங்காணி என்று மனோரஞ்சிதம் வறுக்காத இலை கிடையாது. கடைசி ஆளாய் நடந்தவள் ஒரு பிடியைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டாள். ஒரு வறைக்கு அது காணாது.

கீழே ஓடைக்கரை. குளிர்காலத்து ஈரம் இன்னும் காயாத சேற்றில் அதே போன்ற இலைகள், இன்னும் பெரிதாய், கொழுகொழுவென்று நின்றன.

"மேல பாருங்கோ!" என்று பேர்ணடெற் மெல்லக் கூவினாள். "மஞ்சள் நெஞ்சு, கழுத்தில கறுப்பு மாலை. தெரியுதே?"

எல்லா முகங்களும் மேலே போயின. மனோரஞ்சிதம் குனிந்தாள். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். உள்ளி மணந்தது. மணந்தது இலை அல்ல, முதலே உள்ளியிலை கிள்ளிய அவளுடைய விரல். அதை அவள் நினைக்கவில்லை. பை நிறையப் பிடுங்கினாள்.

வீட்டுக்கு வந்து தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறுத்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்வரை அவள் வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் படாது. அதனால் உப்புக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் இருதயக் குளிசைகளைக் கொடுக்க வந்த மகன் கிருஷாந் யூனியன்வில்லுக்குத் திரும்பும்போது, பேத்திக்கென்று வறையில் பாதியைப் பெட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். "யதுஷாவுக்கு இரவுச் சாப்பாட்டோட குடு. பிள்ளை பச்சையே தின்னுறதில்லை."

ஒரு மணிக்கு அவள் புருஷன் கனகசிங்கம் சாப்பிட உட்கார்ந்தார்.

"இஞ்சரும், உது கைக்குது."

"நாப்பத்தொரு வருஷமா உப்பு, புளி, உறைப்பு எண்டு குறை சொல்லி முடிச்சாச்சு. இப்ப கைப்போ? சாப்பிடுங்கோ, உடம்புக்கு நல்லது."

"உம்மை ஆர் வெல்லுறது?" என்று சொல்லி, மனுசன் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்குத் தின்றது வெளியே வரச் சத்தி எடுத்தார். பிறகு கதிரையிலேயே சரிந்தார். அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கேட்டதை, யூனியன்வில்லிலிருந்து ஓடி வந்த கிருஷாந் தமிழில் கேட்டான். "அம்மா, அப்பா என்ன சாப்பிட்டவர்?"

"சோறு, பருப்பு, வறை."

"என்ன வறை?"

வாசலில் சீருடையோடு ஒருவன் நின்றான். ஆஸ்பத்திரிக் காவல்காரன்தான், ஆனால் சீருடையைக் கண்டால் உண்மை தொண்டைக்குள் இறங்கிவிடும் ஊரில் வளர்ந்தவள் அவள். ஒரு இலை பிடுங்கினாலும் குற்றம். அவளோ பை நிறையப் பிடுங்கியிருந்தாள்.

"கடைக் கீரை," என்றாள்.

இருதயம் பழுதான மனுசன், இது இருதயம்தான் என்று டொக்டர்மார் அந்தப் பக்கமாகவே வைத்தியம் பார்த்தார்கள். அவளும் அதையே நம்பப் பார்த்தாள். ஆனால் 'கைக்குது' என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை. நாலு மணியானது, ஐந்தானது. நாடி நன்றாய் இறங்கிவிட்டது, மருந்து பிடிக்கவில்லை என்றார்கள். சொல்லிவிடுவோம் என்று இரண்டு தரம் எழும்பி, இரண்டு தரமும் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்குக் கிருஷாந் மனைவிக்குப் போன் எடுத்தான்.

"தனுஷிகா, நான் வர நேரம் செல்லும். பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குடு. அம்மா தந்த வறை பிரிட்ஜுக்குள்ள இருக்கு."

மனோரஞ்சிதம் பாய்ந்து போனைப் பறித்தாள். "குடுக்காதை! தனுஷிகா, பிள்ளைக்கு அதைக் குடுக்காதை! கொட்டிப்போட்டுக் கையைக் கழுவு!"

"மாமி? இன்னும் எடுக்கேல்லை மாமி. என்ன நடந்தது?"

மனோரஞ்சிதம் போனை மகனிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எல்லாம் சொன்னாள். ஓடைக்கரை, பெரிய இலை, கைப்பை, எல்லாம். கிருஷாந் உள்ளே ஓடினான். டொக்டர் ஓடி வந்தார். அது நச்சிலை என்று எங்கேயோ போன் பண்ணினார்கள், மருந்தை மாற்றினார்கள். மூன்று மணிக்கே அந்த மருந்து போயிருக்க வேண்டும்.

ஏழரைக்குக் கனகசிங்கம் போய்விட்டார். யன்னலில் வெயில் இன்னும் இருந்தது.

டொக்டர் வெளியே வந்து தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார். வந்தவுடனேயே என்ன சாப்பிட்டவர் என்று கேட்டேனே, அப்போது ஏன் இதைச் சொல்லவில்லை?

கிருஷாந் தாயைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "பிழை என்னுடையது. நான் அம்மாவிடம் சரியாகக் கேட்கவில்லை," என்று ஆங்கிலத்திலேயே சொன்னான்.

அந்தளவு ஆங்கிலம் அவளுக்கு விளங்கும்.

செத்தவீட்டிலும் சரி, எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் சரி, கிருஷாந் தாய்க்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தான், கைபிடித்துக் காரில் ஏற்றினான். அந்த வறையைப்பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டுப் பேசினால், ஏசினால்கூட நல்லது என்று மனோரஞ்சிதம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் காத்திருந்தாள். அன்றைக்கும் அவன் வந்து, "அம்மா, நேரமாச்சு, வெளிக்கிடுங்கோ," என்றுதான் சொன்னான்.