ஆளுக்கு ஒரு பாட்டில்

எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டியின் இன்ஜின் அக்டோபரிலேயே டிக்டிக்கென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. வண்டி என்னைவிட வயதில் மூத்தது, பின்னால் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய பழைய பிக்கப். வயதானால் முனகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம்.

மார்ச்சில் மாவட்டத் தீயணைப்பு அதிகாரி ஹாகன் வந்தார். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார்.

"இது எரியுற புல்லுக்கு நடுவுல நின்னுட்டா உள்ள உக்காந்திருக்கிறவங்க கதி என்ன? இந்தச் சத்தத்தோட நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த சனிக்கிழமை காலையில வர்றேன். அப்பவும் அடிச்சா வண்டியை ஓரங்கட்டிடலாம்."

எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். இது போனால் நிலையத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் எங்கள் பக்கம் தீப்பிடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்துதான் வண்டி வரவேண்டும். வடக்கு டகோட்டாவில் ஏப்ரல் மாதக் காற்று அதுவரை காத்திருக்காது. போன வருடம் சதுப்புப் புல் எரிந்து என் வீட்டுப் படிக்கட்டு வரை வந்தது. அதை நிறுத்தியது இந்த வண்டிதான். மறுவாரமே நான் நிலையத்தில் சேர்ந்தேன். நன்றிக்கடன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த தடவை வேறு யாரையும் நம்பி உட்கார்ந்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

இரவில் சர்க்கரை ஆலையில் வேலை. விடிந்ததும் நேராக நிலையத்துக்குப் போய்க் காபி குடிப்பேன். ஹாகன் வந்துபோன மறுநாளும் போனேன். மற்ற மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். சூரியகாந்தி போடும் கேலன் எங்களுக்குத் தலைவர். ஓர்லின் தானியக் கிடங்கில் எடை போடுகிறவர். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

எங்கள் பக்கம் ஒருவன் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறான் என்று கேட்க மாட்டோம். வண்டிக்கு என்ன ஆயில் ஊற்றுகிறான் என்று கேட்போம்.

"கெட்டி ஆயில் ஊத்தணும். தேஞ்சுபோன இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் மெத்தை மாதிரி. எங்கப்பா டிராக்டருக்கு அதைத்தான் ஊத்துனாரு" என்றார் கேலன்.

"உங்கப்பா டிராக்டர் களத்துலயே நின்னு துருப்பிடிச்சுப் போச்சே, தலைவரே" என்றார் ஓர்லின். "டேப்பட் சத்தத்துக்குன்னே ஒரு மருந்து விக்குது. ஒரு பாட்டில் போதும்."

"எதுக்கு மருந்து? கியர் ஆயிலைக் கொஞ்சம் கலந்துவிட்டா அழுக்கெல்லாம் கரைஞ்சிடும். என் பஸ்ஸுக்கு அப்படித்தான் பண்ணேன்" என்றாள் மார்லிஸ்.

"அதுவும் ஒரு வழிதான்" என்றார் கேலன்.

எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால், இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியாது என்று அர்த்தம். மார்லிஸுக்கும் அது தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ என்னம்மா சொல்ற, ரெனி?" என்றார் ஓர்லின். "இன்ஜினியரிங்ல பாதி கிணறு தாண்டுனவளாச்சே!"

"மீதிப் பாதியிலதான் ஆயில் பத்திப் பாடம் இருந்திருக்கும். அதனால வண்டியோட வந்த புத்தகத்தைப் படிச்சேன்" என்றேன். "லேசான ஆயில்னுதான் போட்டிருக்கு. காலையில அடிக்குது, சூடானா அடங்கிடுது. அப்படின்னா மேல வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பட்டுக்கு ஆயில் போய்ச்சேர நேரமாகுது. கெட்டியா ஊத்துனா இன்னும் நேரமாகும். ஃபில்டரும் படுத்தவாக்குல இருக்கு. வண்டி நின்னதும் அதுல இருக்கிற ஆயில் மொத்தமும் கீழ வடிஞ்சிடுதுன்னு நினைக்கிறேன்."

"வடியாம இருக்கத்தான் உள்ள ரப்பர் இருக்கே?" என்றார் கேலன்.

"அந்த ரப்பர் எந்த லட்சணத்துல இருக்குன்னு பாக்கலாம்."

பழைய ஃபில்டரைக் கழற்றினோம். நடுத்துளையில் விரலை விட்டு ரப்பர் மடலை அழுத்தினேன். மடங்கவில்லை. சோடா மூடிபோல் விறைத்துக் கிடந்தது. ஒவ்வொருவரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஓர்லின் இரண்டு தடவை பார்த்தார்.

டவுன் கடையில் அந்த வண்டிக்கு இரண்டு வகை ஃபில்டர் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் கறுப்பு ரப்பர், மற்றதில் ஆரஞ்சு நிறச் சிலிக்கான் ரப்பர். கடைக்காரன் இரண்டும் ஒன்றுதான் என்றான். இரண்டையும் வாங்கினேன். வேலைக்குப் போகும்போது என் பிக்கப்பின் பின்தட்டில் திறந்தபடியே வைத்துவிட்டுப் போனேன். அன்று இரவு நல்ல உறைபனி. காலையில் வந்து அழுத்தினால் கறுப்பு முரண்டு பிடித்தது. ஆரஞ்சு காதுமடல்போல் மடங்கியது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை பழைய ஆயிலை வடித்தோம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டியிருந்தால் அத்தனை ஆயிலும் தரையில்தான் கிடக்கும். பிய்த்துப் போட்டுவிட்டு ஆரஞ்சு ஃபில்டரை மாட்டி, லேசான ஆயிலை அளவுக் கம்பியின் மேல்கோடு வரை ஊற்றினோம். வண்டியைக் கொஞ்சநேரம் ஓட்டி நிறுத்தினோம்.

வெள்ளிக்கிழமை காலை கேலன் சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். நான் மூச்சை இழுத்தேன், விடுவதற்குள் அடங்கிவிட்டது. அப்புறம் இன்ஜினின் உறுமல் மட்டும்தான். மார்லிஸ் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இந்த ஊரில் அதுதான் கட்டிப்பிடிப்பது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே யாரும் உதவியைச் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. விடிந்து பார்த்தால் உங்கள் வாசலில் பனி தள்ளியிருக்கும். யார் தள்ளினார்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்பதே மரியாதையில்லை.

சனிக்கிழமை ஹாகன் வருவதற்கு வெகு முன்னாலேயே போய்விட்டேன். ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று மனது அரித்தது. சாவியைத் திருப்பினேன். சத்தமில்லை. சிரித்துக்கொண்டே காபி ஊற்றினேன். கோப்பை நிறைவதற்குள் ஆரம்பித்தது. டிக்டிக்டிக்டிக். நிற்கவே இல்லை. அக்டோபரிலிருந்து இவ்வளவு மோசமாக அடித்ததே கிடையாது.

மூன்று பேரும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். கேலனின் முகம் வெளுத்துவிட்டது.

"செத்துப்போச்சு" என்றார் ஓர்லின்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒன்று இடித்தது. முன்பெல்லாம் குளிரில் அடித்துச் சூட்டில் அடங்கும். இன்றைக்குத் தலைகீழ். இது பழைய நோய் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அளவுக் கம்பியை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி வெகுதூரம் ஏறியிருந்தது. போதாததற்கு நுரை வேறு, பீர்போல.

"யார் ஊத்துனது?" என்றேன்.

ஓர்லின் கூரையைப் பார்த்தார்.

"மரியாதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். யாரு ஊத்துனது?"

மார்லிஸ் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில்போல. "ஒரே ஒரு பாட்டில்தான். நேத்து பஸ்ஸை விட்டுட்டு வந்தப்போ. ஒரு பாதுகாப்புக்கு."

"நானும் ஒண்ணுதான். அந்த மருந்து" என்றார் ஓர்லின்.

கேலன் தொப்பியைக் கழற்றினார். "நான் ரெண்டு. கெட்டி ஆயில். நல்லாத்தான் ஓடுச்சு. இன்னும் கொஞ்சம் நல்லா ஓடட்டுமேன்னு..."

"கம்பியை எடுத்துப் பாக்கலையா?"

"நீ அளந்துதானே ஊத்தியிருப்ப. மறுபடி அளந்தா உன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமே."

எனக்குக் கோபம் வந்தது, அடுத்ததாகச் சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். அளவு மீறினால் உள்ளே சுழலும் தண்டு ஆயிலில் முங்கி அதை மோராகக் கடைந்துவிடும். டேப்பட்டுக்கு ஆயிலுக்குப் பதில் காற்றுதான் போய்ச்சேரும். மொத்தத்தையும் வடித்துவிட வேண்டியதுதான். நான் வாங்கிய பெட்டியில் இன்னொரு தடவைக்கு ஆயில் இருந்தது. அதே கடையில் இன்னொரு ஆரஞ்சு ஃபில்டரும் வாங்கி வைத்திருந்தேன். எனக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு அந்தக் குணம் உதவியது.

முழங்கை வரை கறுப்பாக இருந்தபோது, பக்கத்தில் பளபளப்பான இரண்டு பூட்ஸ் வந்து நின்றன.

"என்ன நடக்குது இங்க?" என்றார் ஹாகன்.

கேலன் உள்ளதை உள்ளபடி சொன்னார், மூன்று பெயரையும் சேர்த்து. தொப்பி கையிலேயே இருந்தது. ஹாகன் குனிந்து, வடித்து வைத்த ஆயிலை எட்டிப் பார்த்தார்.

"நாலு பாட்டிலா?"

"நாலு."

"அதுவும் ஒரு வழிதான்" என்றார் ஹாகன். மார்லிஸ்தான் முதலில் சிரித்தாள்.

"ஆனா எனக்குக் குளிர்ந்த இன்ஜின் வேணும். இப்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா நான் ஒத்துக்க மாட்டேன்."

"அது ஆற சாயங்காலம் ஆயிடும்" என்றேன் அடியிலிருந்து.

"எனக்கு இன்னிக்கு வேற வேலையில்ல."

புது ஃபில்டரை மாட்டி, ஆயிலை ஊற்றி, மேல்கோட்டோடு நிறுத்தினேன். ஆயில் மேலே ஏற ஒரே ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தோம். பெரிய கதவைத் திறந்து போட்டோம். குளிர்காலம் முழுக்கத் தொட்டி காலியாகத்தான் இருக்கும், உறையத் தண்ணீரில்லை. ஹாகன் ஒரு நாற்காலியை இழுத்து பானெட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "யாரும் கிட்ட வரக்கூடாது" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மார்லிஸ் வீட்டுக்குப் போய் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஒரு பெரிய தட்டத்தைக் கொண்டுவந்தாள். கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டோம், சீட்டாடினோம். நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். ஓர்லின் ஏமாற்றி ஆடியதாக அப்புறம் சொன்னார்கள்.

என்னை எழுப்பியபோது வெளியே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. ஹாகன் கையுறையைக் கழற்றி இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். பனிபோல் ஜில்லென்று இருந்தது. கம்பியை அவரே உருவிப் பார்த்தார்.

"நீ ஸ்டார்ட் பண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

சாவியைத் திருப்பினேன்.

டிக், டிக்.

அவ்வளவுதான். ஹாகன் அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. சூடாகும்வரை கேட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். வண்டியை எடுத்து ஊரைச் சுற்றிவரச் சொன்னார். சுற்றிவந்ததும் ஓடவிட்டு மறுபடி கேட்டார்.

"புல் எரியுற காலம் முடியட்டும், அப்புறம் திரும்பப் பாக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்று கையை நீட்டினார், குலுக்குவதற்கு இல்லை. "கோட்டுப் பையில இருக்கிறதை எடுங்க."

கேலன் முகம் சிவந்துபோய் ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தார். ஓர்லினும் எடுத்தார். மார்லிஸ் பையை வெளியே இழுத்துக் காலியென்று காட்டினாள். "என்னுது பஸ்ல இருக்கு" என்றாள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் ரயில் பாதையோரம் புல் பற்றியது. காற்று வடமேற்கு. வண்டியை நான்தான் ஓட்டினேன். தொட்டி நிறையத் தண்ணீரோடு பள்ளத்தில் இறங்கி, புகைக்குள் போய், எரிந்து முடிந்த கறுப்புத் தரையில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டேன். பின்னால் நின்ற ஓர்லின் குழாயைத் திறப்பதற்கு முன்னால் கூரையைத் தட்டினார்.

"சத்தம் வருதா?"

"வரல."

"சரி, ஊத்துறேன். தண்ணிதாம்மா" என்றார்.