குழாய்க்குப் பின்னால் ஒரு பொத்தான்

மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான் கர்ட். ஒன்றும் தட்டுப்படவில்லை. கல் சுவரில் ஒரு பொந்தும், புதுப் பெயின்ட் பூசிய குழாயும்தான் இருந்தன. ஏரிக்காற்று காதை அறுத்தது. டுலூத் ஊரில் நவம்பர் என்றால் அப்படித்தான். அங்கே வீட்டில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுடா" என்று காலையில் அவள்தான் அனுப்பினாள். அக்கா ரெனே வாசலில் மறித்தாள். "இந்த நேரத்துல அந்தப் பாழாப்போன டப்பாதான் முக்கியமா?"

அது ஒரு விளையாட்டு. சின்ன டப்பா ஒன்றை ஊருக்குள் எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, இடத்தின் அடையாளத்தை இணையத்தில் போட வேண்டியது. முன்பின் தெரியாதவர்கள் போனும் கையுமாக வந்து தேடி, உள்ளே இருக்கும் சீட்டில் பேர் எழுதி, பழையபடி ஒளித்துவிட்டுப் போவார்கள். ஜியோகேஷ் என்று அதற்குப் பேர். வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வது என்பான் கர்ட். அம்மா ஆர்லிஸும் அப்பா வெர்லினும் ஓய்வுக்காலம் முழுக்க அதிலேயே கிறுக்காக அலைந்தார்கள். கடைசியாக ஒளித்தது இந்தப் பழைய பேங்க் கட்டடத்தில். வெர்லின் ஆயுசு முழுக்க ஓட்டிய பஸ் இதன் வாசலில்தான் நிற்கும். அவருடைய சீருடையின் பித்தளைப் பொத்தான் ஒன்று அந்த டப்பாவுக்குள் கிடந்தது. அவர் போனபின் துணிமணி எல்லாவற்றையும் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டாள் ஆர்லிஸ். "பொத்தான் அங்க இருக்குல்ல, அது போதும்" என்பாள். கொஞ்ச நாளாக, 'தேடினோம், கிடைக்கவில்லை' என்று தேடிப் போனவர்களிடமிருந்து அவள் போனுக்குத் தகவல் வந்தபடி இருந்தது.

"என்ன சார் தேடுறீங்க?" கட்டடத்தின் காவலாளி வெளியே வந்திருந்தான்.

"இங்க ஒரு சின்ன டப்பா இருந்துச்சு."

"சுவத்தக் கழுவினப்ப குழாயெல்லாம் மாத்திட்டாங்களே. பழசு மொத்தமும் குப்பை லாரியில போயாச்சு." கர்ட்டின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "முக்கியமானதா?"

"எங்கம்மாவோடது."

காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டான். போன் அடித்தது. ரெனே. "எங்கடா இருக்க? கண்ணு முழிச்சு உன்னையே கேக்கறாங்க."

அப்பாவின் பொத்தான் குப்பையில் போய்விட்டது என்று சாகப்போகிறவளிடம் எந்த வாயால் சொல்வது? கோட்டுப் பையில் அம்மாவின் வலி மாத்திரைக் குப்பி காலியாகக் கிடந்தது. விழுங்க முடியாமல் போனபின் நாக்கில் சொட்டு மருந்துதான். குப்பியில் ஒட்டியிருந்த அவள் பேரை நகத்தால் சுரண்டினான். கோட்டின் நடுப் பொத்தானைப் பிடுங்கி உள்ளே போட்டு மூடி, பொந்துக்குள் செருகினான். தொலைந்த டப்பாவுக்குப் பதில் இப்படி எதையாவது செருகுகிறவர்களை ஆர்லிஸ் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

ரெனே முகம் கொடுக்காமல் கதவைத் திறந்தாள். அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் உட்கார்ந்தான்.

"இருக்கா?" அம்மாவின் குரல் உதட்டோடு நின்றது.

"இருக்கும்மா. குழாய்க்குப் பின்னாலயே இருக்கு."

"பொத்தான்?"

"அதுவும் இருக்கு."

ஆர்லிஸின் கண்கள் அவன் நெஞ்சில் வந்து நின்றன. பொத்தான் இருந்த இடத்தில் அறுந்த நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்தான். கையால் மறைக்கப் போனவன், மறைக்கவில்லை. அவள் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஒளிச்சியா?"

"ம்."

"யாரும் பாக்கலையே?"

"இல்லம்மா."

"கோட்ட மூடிக்கோ. வெளிய குளிரு."

ரெனே அம்மாவின் நாக்கில் சொட்டு மருந்து விட்டாள். அது கடைவாயில் வழிந்தது. பொழுது சாயும்போது மூச்சு நின்றது.

அடக்கத்தன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பியும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் அடுக்கி வைத்துக்கொண்டிருந்த ரெனே, அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டேய், எல்லாரும் வந்திருக்காங்க. நடுவுல பொத்தான் எங்கடா?"

"எங்கயோ விழுந்துருச்சு."

"கழட்டிக் குடு. ஊசி இருக்கு, வேற ஒண்ணு தச்சுடறேன்."

"வேண்டாம்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுக்கப் போனாள்.

கல்லறையில் ஏரிக்காற்று நேராக வந்து மோதியது. சவப்பெட்டியைத் தூக்குவதில் இடப்பக்கம் அவனுக்கு. பனி உறைந்த புல் காலடியில் நொறுங்கியது. வலக்கையில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, இடக்கையால் கோட்டின் நடுவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான்.