காவலுக்கு வந்த வண்டி

அவனுக்குச் சுடுதண்ணி என்று பெயர் வைத்தது அவனுடைய ஆட்களேதான். தீயணைப்பு நிலையத்தில் பகல் முறைக்குத் தலைவன். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் எந்நேரமும் கொதிக்கும். ஆற்றுக்கு அக்கரை ஊரோடு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து அந்தக் கொதிப்பு இன்னும் ஏறியிருந்தது.

இரண்டு ஊருக்கும் தலா இரண்டு வண்டி. ஓர் ஊரின் இரண்டு வண்டிகளும் பெரிய தீக்குப் போய்விட்டால், மற்ற ஊரிலிருந்து ஒன்று வந்து அந்தக் காலி நிலையத்தில் காவல் இருக்கவேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான். இதனால் இவர்கள் அக்கரைக்காரர்களைப் பார்த்ததே இல்லை. இவர்கள் திரும்பும்போது அவர்கள் கிளம்பியிருப்பார்கள். பெஞ்சு இடம் மாறியிருக்கும், ஸ்பேனர்கள் அளவுவாரியாக அடுக்கியிருக்கும்.

"என் டம்ளர்ல எவனோ டீ குடிச்சிருக்கான்," என்பான் சுடுதண்ணி.

"கழுவித்தானே அண்ணே வச்சிருக்காங்க," என்பான் டிரைவர்.

"அதான் கேக்கறேன். நாம கழுவறதைவிடப் பளிச்சுனு கழுவி வச்சா என்ன அர்த்தம்? நக்கல்தானே?"

போதாததற்கு, காவல் இருக்க வந்தவர்கள் இரண்டிரண்டு பேராகத் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்களாம். அவன் மனைவியே பார்த்திருக்கிறாள். "நம்ம வீட்டுக்கு எதிர்ல ஒரு அக்கா குனிஞ்சு என்னமோ தேடிட்டு இருந்தாங்க. குடிக்கத் தண்ணி குடுத்தேன். நல்லவங்களா இருக்காங்க."

"ஊர் சுத்திப் பாக்க வந்திருக்காங்க, வேறென்ன," என்றான்.

ஒப்பந்தத்தில் அவன் பங்குக்கு ஒரு வேலை இருந்தது. வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க, தெருவில் தரையோடு மூடி போட்டிருக்கும் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் எழுதி அக்கரைக்கு அனுப்பவேண்டும்; அவர்களும் தங்கள் ஊர்ப் பட்டியலை அனுப்புவார்கள். பீரோவில் கிடந்த பழைய பட்டியலை வேண்டா வெறுப்பாக ஒரே மத்தியானத்தில் பார்த்தெழுதி அனுப்பிவிட்டான். ரோடு போட்டபோது பாதிக் குழாய்கள் இடம் மாறிவிட்டன. அதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது, தாளில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஊர் எல்லையில் பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொண்டது. இரண்டு வண்டிகளும் போயின. அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் புகைக்குள் நுழைந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை, வயர்லெஸ் கரகரத்தது.

"மாவுமில் தெரு, பதினேழாம் நம்பர். மாடிப்படிக்குக் கீழ சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரியுது. மாடியில ஒரு அம்மா, கால்ல மாவுக்கட்டு."

அது அவன் வீடு. மாடியில் இருப்பது, போன வாரம் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்ட அவன் மனைவி. காலையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்தவனும் அவனேதான்.

இரண்டடி ஓடியவன் நின்றான். உள்ளே போன இரண்டு பேரும் இவனை நம்பித்தான் போயிருக்கிறார்கள். ஸ்கூட்டர் பேட்டரி லேசில் அணையாது. வண்டித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் ஐந்து நிமிஷம் வரும். அப்புறம் தெருக் குழாய்தான். அந்தக் குழாயை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

வயர்லெஸ்ஸை எடுத்தான். "காவல் வண்டி... அது என் வீடு. லிஸ்டுல இருக்கற இடத்துல குழாய் இல்ல. லிஸ்டு தப்பு. நான்தான் பாக்காம..."

"தெரியும் தம்பி," என்றது ஒரு பெண் குரல். பின்னால் சைரன் அலறியது. "எதிர்வீட்டுப் படியோரம். மூடியை இடப்பக்கம் திருகணும். போன மாசமே திறந்து பாத்து எண்ணெய் போட்டாச்சு."

அவன் கிடங்கு வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"உள்ள ஆளுங்க இருக்காங்கள்ல? அவங்களைக் கவனி. உன் வீட்டம்மாவை நான் பாத்துக்கறேன். வை."

கவனித்தான். உள்ளே போனவர்களை வெளியே அழைத்தான், அடுத்த இரண்டு பேரை அனுப்பினான், சுவர் சாயும் பக்கம் நின்றவனைக் காது கூசத் திட்டினான். பத்தொன்பது நிமிஷம் கழித்து அதே குரல் வந்தது.

"இறக்கியாச்சு தம்பி. கட்டு நனைஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. வாய் மட்டும் ஓயல. உன்னைத்தான் திட்டறாங்க."

சுடுதண்ணி தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டான். புகை என்று டிரைவரிடம் சொன்னான். டிரைவரும் புகைதான் என்றான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி எதிர்வீட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "சார்ஜ் போட்டது யாரு?"

"நான்தான்."

"அந்த அக்கா என்னைத் தோள்ல போட்டு ஏணியில இறக்கினாங்க. நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவை தூக்கியிருப்பீங்களா?"

அவளருகே குந்தி, நனைந்த கட்டைத் தொட்டுப் பார்த்தான். எழுந்து போய்க் காய்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் சுற்றினான்.

மறுநாள் நிலையத்து மேசையில், கழுவிக் கவிழ்த்த அவன் டம்ளருக்குக் கீழே, ஒரு நோட்டு இருந்தது. நாற்பத்து மூன்று குழாய்கள்; ஒவ்வொன்றுக்கும் சரியான இடம், எண்ணெய் போட்ட தேதி. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "நாங்க அனுப்பின லிஸ்டையும் நம்பாதே தம்பி. எங்க ஊர்லயும் உன்னை மாதிரி ஒருத்தன்தான் எழுதினான்."

அடுத்த வாரம் அக்கரை வண்டிகள் இரண்டும் வெளியே போயின. காவலுக்குப் போன சுடுதண்ணி பெஞ்சில் உட்காரவே இல்லை. அவர்கள் அனுப்பிய பட்டியலையும் எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டான்.

"எங்க அண்ணே கிளம்பிட்டீங்க?" என்றான் டிரைவர்.

"ஊர் சுத்திப் பாக்க. நீயும் வா."

மூன்றாவது குழாய் பட்டியலில் சொன்ன இடத்தில் இல்லை. சுடுதண்ணி முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தத் தெருவைக் கையால் துழாவ ஆரம்பித்தான்.