பெயர் தெரியாத பிரவுசர்

"ஏத்தா ஷெரின், வண்டியில எடம் கேட்டா ஒங்க சைட்டு வெரட்டுது! திராட்ச வெட்டியாச்சு. இன்னைக்கு ஏத்தலைன்னா அம்புட்டும் அழுகிரும்" என்று போனில் பொரிந்து தள்ளினார் அனுமந்தன்பட்டி ராமுத்தாய் அக்கா.

தேனியில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் கமிஷன் கடை இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். கம்பத்திலிருந்து மதுரைக்குப் போகும் லாரியில் அதன் வழியாக மட்டும்தான் இடம் பிடிக்க முடியும். போனில் பதிந்தால் வேண்டியவருக்கே முதலிடம் என்று சண்டை வருகிறதாம்.

சர்வரில் ஓடும் புரோகிராமைத் திறந்தேன். யார் உள்ளே வந்தாலும் அவர் போனில் உள்ள பிரவுசர் முதலில் தன் பெயரைச் சொல்லும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மகராசன் நாலே பெயர்களை எழுதி வைத்துவிட்டு, மற்ற எல்லாரையும் 'புதிய பிரவுசரில் வரவும்' என்று துரத்தியிருந்தான். அக்காவின் பட்டன் போன் சொன்ன பெயர் அதில் இல்லை. அவன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால்!

"அந்தப் பேரையும் சேத்துட்டுப் போயேன்" என்றார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி.

"நாளைக்கு வேற போன் வரும் அண்ணாச்சி. பேரு தெரியாட்டியும் உள்ள விடுற மாதிரி மாத்துறேன். படம் கிடம் இருக்காது, எடம் பதியலாம்."

"மொட்டையா இருக்கும்த்தா. கடைக்கு என்ன மரியாத?"

"கடைக்கு ஆளு வந்தா ஊரு பேரு கேட்டுட்டுத்தானா டீ சொல்றீக?"

'மாத்து' என்று கையைக் காட்டினார் அண்ணாச்சி. அவர் கடைப்படி ஏறியவருக்கு முதலில் டீ வரும். மற்ற விசாரணையெல்லாம் பிறகுதான்.

சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை ஓட்டியபோது நல்ல போன்களுக்கும் மொட்டைப் பக்கமே வந்தது. விடுவேனா? திருத்தி மறுபடி ஓட்டினேன். அதற்குள் கம்பத்தைத் தாண்டிவிட்டதாக லாரி டிரைவர் சுருளி போன் செய்தான். அடுத்தது அனுமந்தன்பட்டிதான். அக்காவைக் கூப்பிட்டு, "இப்பப் பாருங்கக்கா" என்றேன்.

திரையில் ஒரு வரி விழுந்தது. பிரவுசர்: தெரியவில்லை. ஊர்: அனுமந்தன்பட்டி. சரக்கு: திராட்சை.

"ஏலே சுருளி, அனுமந்தன்பட்டியில நிறுத்து!" என்று அண்ணாச்சி போனில் கத்தினார்.

அவர் போனை வைப்பதற்குள் அடுத்த வரி வந்தது. பிரவுசர்: தெரியவில்லை. ஊர்: சின்னமனூர். சரக்கு: வாழைக்காய்.

"இது யாருத்தா?"

"தெரியல அண்ணாச்சி. இவுக போன் பண்ணி ஒரு வார்த்த கேக்கல. இத்தன நாளா வாசலோட திரும்பிப் போயிருக்காக."

சின்னமனூரிலும் நிறுத்தச் சொல்ல அண்ணாச்சி மறுபடியும் சுருளியைக் கூப்பிட்டார்.