ஜீவன் பார்த்த கால்

பைரோஸுக்குப் பொறாமை வந்தது ஒரு காலின்மேல். அதுவும் இன்னும் செய்து முடிக்காத கால். வெளியில் சொன்னால் மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் இருக்கிற அத்தனை சாப்பாட்டுக் கடையிலும் வைத்துச் சிரிப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். அதனால் யாரிடமும் வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தான்.

அவன் மனைவி முபீனா துணி ஆலையில் தையல் வேலை பார்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி இடித்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோ அவளைக் கைவிடவில்லை. ஊனத்துக்கான பணம் மாதாமாதம் வந்தது. மருந்துக்கும் சிகிச்சைக்கும் அவள் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை. இப்போது செயற்கைக் காலுக்கும் அனுமதி வந்துவிட்டது. கால் பொருந்தி நடக்கப் பழகிவிட்டால் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பழைய இடத்திலேயே சேர்த்துக்கொள்வதாக ஆலை சூப்பர்வைசர் சொல்லியிருந்தாள். முபீனா அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தாள்.

இதில் பைரோஸுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இரண்டு வருடமாக அவளைக் காரிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து காருக்கும் தூக்கிக்கொண்டு போனது அவன்தான். "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசும்போது, காதில் விழாதவன்போல் இன்னும் மெதுவாக நடப்பான். அந்தப் பெருமையெல்லாம் இனி புதுக் காலுக்குப் போய்விடும். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஜீவனைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜோகூர் பாருவில், கால் செய்து பொருத்தும் நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறவன் ஜீவன். தாடியை வேறு அழகாக ஒதுக்கி வைத்திருந்தான். முதல் நாள் பைரோஸ் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். "காட்டுங்கக்கா" என்றான் ஜீவன். சட்டைக் கையை மடிக்கிறவள்போல் முபீனா பாவாடையைச் சுருட்டிவிட்டது திரை இடுக்கில் தெரிந்தது. அப்புறம் "ஐயோ, கூசுது" என்று அவள் சிரிக்கிற சத்தம்.

வீட்டில் அந்தக் காலை அவள் அவனுக்குக் காட்டியதே இல்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். படுக்கும்போதும் கைலி நுனியை முடிச்சுப் போட்டுத்தான் படுப்பாள். கட்டின புருஷனுக்கு இல்லாத உரிமை அளவெடுக்க வந்த பயலுக்கா? பைரோஸுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள், தான் பரோட்டா மாஸ்டராக இருக்கும் கடையில் ரொட்டி சானாய் மாவைத் தட்டிப்போட்ட கையோடு நிலையத்துக்குப் போன் போட்டான். "நாங்க முஸ்லிம். என் வைஃபுக்குப் பொம்பள ஆள்தான் வேணும்" என்றான். பொறாமைக்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிட்டால் அதற்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது. கவுண்டர் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. "ஓகேண்ணே, மாத்திடலாம்லா" என்றாள். அன்றைக்கு அவன் வீசிய ரொட்டியெல்லாம் விசிறியைத் தொட்டுவிட்டு இறங்கின.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், முபீனா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொம்பள ஆளு கேட்டீங்களா?"

"ஆமா. மார்க்கம்னு ஒன்னு இருக்குல்ல?"

"அது எனக்குத் தெரியாதா? மருத்துவத்துக்கு ஆம்பள பாத்தாலும் கூடும்னு, மார்க்கம் சொல்லித்தர்ற உஸ்தாசாகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன். அங்க இருக்கிறதே ஒரு பொம்பளதானாம். அவங்க புள்ள பெத்து லீவுல இருக்காங்க. நோன்புப் பெருநாள் தாண்டி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அப்புறம்தான் டேட் தருவாங்களாம். அது வரைக்கும் ஃபேக்டரில என் இடத்த வச்சிருப்பாங்களா மச்சான்?"

பைரோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. "எனக்குக் காட்டாத கால அவனுக்குக் காட்டுவ. அது மட்டும் சரியா?" என்று கேட்டேவிட்டான்.

முபீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில நர்ஸ் கட்டுப் பிரிக்கிறப்பல்லாம் தேத்தண்ணி வாங்கப் போறேன்னு யாரு எந்திரிச்சுப் போனது? ஒரு தடவையா ரெண்டு தடவையா? புதுக் கட்டுப் போட்டு முடிச்சப்புறம்தான் உள்ள வருவீங்க. பாக்குற மாதிரி இல்ல போலன்னு நானே மூடிக்கிட்டேன். அந்தத் தம்பி மொத நாளே பாத்தாரு. மூஞ்சத் திருப்பல. 'நல்லா ஆறியிருக்குக்கா'ன்னாரு. இத்தன நாள்ல அந்தக் கால நல்லாருக்குன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான்."

தான் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அவன் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். வெட்கத்தில் காது மடல் சுட்டது. பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? அந்தப் பயலுக்கு இருந்த தைரியம் தனக்கு இல்லாமல் போனதே என்று கூடித்தான் போனது.

அவள் முன்னாலேயே நிலையத்துக்குப் போன் போட்டான். "தெரியாம கேட்டுட்டேன்மா. பழைய ஆளே வரட்டும்" என்று கெஞ்சினான். நல்லவேளை, ஜீவனின் நேரத்தை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. "அலமாக், நல்லா வெளையாடுறீங்கண்ணே" என்று முணுமுணுத்தபடி அந்தப் பெண் பழைய நாளையே கொடுத்தாள்.

அந்த நாள் வந்தபோது பைரோஸ் வெளியே உட்காரவில்லை. "நானும் உள்ள வரட்டுமா?" என்று கேட்டான். முபீனா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பாவாடையைச் சுருட்டும்போது அவள் குனிந்து பார்க்கவேயில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனையில் தையல் தழும்பு, அதைச் சுற்றிக் கறுத்த தோல். பைரோஸுக்கு உள்ளங்கை வியர்த்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடாமல் பார்த்தான்.

ஜீவன் காலைக் கையில் ஏந்தி, புதுக் காலுக்கு உள்ளே போடும் உறையை மாட்டப் போனான். பைரோஸுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"தம்பி, நான் புடிச்சுக்கட்டுமா?"

"என்கிட்ட ஏண்ணே கேக்குறீங்க?" என்றான் ஜீவன். "அக்காவோட கால்."

பைரோஸ் மனைவியைப் பார்த்தான். அவள் அவன் கைகளைப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க மச்சான்" என்றாள்.