தண்ணீர் இறங்கும் சத்தம்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, வளைந்த குழாயின் மறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அவள். கீழே ஒரு வாளி. முன்னறைக் கட்டிலில் அவள் கணவன் கிடந்தான். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இப்ப போய் இது ஒரு வேலையா?" கணவனின் அக்கா சமையலறைக்குள் வந்து நின்றாள். "அவன் அங்க மூச்சுக்குத் தவிக்கிறான். நீ இங்க குழாயோட மல்லுக்கட்டிட்டிருக்க."

"தண்ணி மெதுவா இறங்குது அண்ணி. இப்பவே பாத்துட்டா சின்ன வேலையா போயிடும்."

"நாளைக்குப் பாத்தா ஆகாதா?"

அவள் தலையை வெளியே நீட்டினாள். "நாளைக்கு வீடு நிறைய ஆளுங்க இருப்பாங்க."

அக்காவின் முகம் கறுத்தது. "அதுக்குள்ள முடிவே பண்ணிட்டியா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

முன்னறையிலிருந்து செருமல் கேட்டது. "அக்கா... அவளை விடு. அவ வேலைய அவ பாக்கட்டும்."

அவன் லாரி ஓட்டியவன். கல்யாணமான புதிதில் அவன் வெளியூர் போயிருந்தபோது சுவருக்குள் குழாய் வெடித்தது. அடைக்கலாம் என்று ஓடினால், வால்வு துருவேறி அசையவே இல்லை. அவன் திரும்பியபோது மெத்தை மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து எந்தக் குழாயையும் அவள் சும்மா விட்டதில்லை. மாதம் தவறாமல் எல்லா வால்வையும் ஒருமுறை மூடித் திறப்பாள், இறுகிப்போகக் கூடாதென்று. சொட்ட ஆரம்பிக்கும் முன்பே வாஷரை மாற்றுவாள். 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் நண்பர்களிடம் அவளைச் சொல்வான். வண்டிக்கு அவன், வீட்டுக்கு அவள்.

குழாயிலிருந்து சாம்பல் நிறக் கொழுப்பு கட்டியாக வாளியில் விழுந்தது. பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக் கழுவி, புது வாஷர் வைத்துக் கையாலேயே இறுக்கினாள். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து அடைப்பானை எடுத்தாள். கடகடவென்று இறங்கியது. இணைப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது. கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டான். "பாத்ரூம்?"

"அது போன வாரமே முடிச்சாச்சு."

"மேல டேங்க்?"

"கழுவியாச்சு."

"அப்ப நான் கிளம்பலாம்."

"கிளம்பற ஆளு இவ்வளவு கேள்வி கேக்கமாட்டாங்க."

சிரிக்கப் பார்த்தான்; இருமலாக வந்தது. அவள் அவன் முதுகை நீவிவிட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிற்பகலில், அவள் கைக்குள் அவன் கை இருக்கும்போதே, மூச்சு நின்றது.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். ஓயாமல் டம்ளர்களைக் கழுவினார்கள். வரிசையில் நின்று முகம் கழுவினார்கள். எங்கும் தண்ணீர் தேங்கவில்லை. அவனோடு லாரி ஓட்டிய ஒருவர் மட்டும், அழுதுகொண்டே வந்தவர், முற்றத்துக் குழாயை முரட்டுத்தனமாகத் திருகி அதன் தலைப்பகுதியைக் கையோடு பெயர்த்துவிட்டார். தண்ணீர் சுவர்வரை பீய்ச்சியடித்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

கணவனின் தலைமாட்டிலிருந்து அவள் எழுந்து போனாள். சுவரோர வால்வை இரண்டு விரலால் திருப்பினாள். தண்ணீர் நின்றது.

"தெரியாம பண்ணிட்டேன்மா," என்றார் அவர், நனைந்த சட்டையோடு.

"பரவாயில்லண்ணே. புதுசு மாட்டிக்கலாம். நீங்க உள்ள வந்து அவரைப் பாருங்க."

மறுபடியும் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். அக்கா நகர்ந்து இடம்விட்டாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அவள் குளிக்கப் போனாள். கதவைச் சாத்தினாள், உள்ளே தண்ணீர் விழ ஆரம்பித்தது. அக்கா கூடத்தைப் பெருக்கினாள், பாயைச் சுருட்டினாள், நாற்காலிகளை அடுக்கினாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கதவருகே போய்த் தட்டக் கையைத் தூக்கியவள், ஒரு நிமிடம் நின்று, கையை இறக்கிக்கொண்டாள்.

கொடியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.