கொக்கி மாட்டாதவன்

"எருமை, எழுந்திரு. மூஞ்சியில வெயில் அடிக்குது."

அவள் போர்வையை உருவியும் புருஷன் சுவரைப் பார்த்தே கிடந்தான். வாரக்கணக்கில் இதே கூத்து. தூக்கமில்லை. சோறு தட்டிலேயே காய்ந்தது. வேலைக்கும் அவள் தம்பி வந்து இழுத்துப் போனால்தான் உண்டு. உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர்கள் இருவரும்.

தம்பி வாசலில் செருப்பைக் கழற்றினான். "மாமாவைத் திட்டாதக்கா. சைட்ல இப்ப அவர்தான் புலி. உச்சியில சேஃப்டி பெல்ட் கொக்கியே மாட்டாம நடக்குறாரு. பயம் விட்டுப்போச்சுன்னு மேஸ்திரி உயரத்து வேலையெல்லாம் இவருக்குத்தான் குடுக்குறான்."

போர்வையை மடித்த அவள் கை நின்றது. கொக்கியை இழுத்துப் பார்க்காமல் பலகையில் கால் வைக்காதவன் இவன். அதற்காகவே பயந்தாங்கொள்ளி என்று பட்டப்பெயர் வாங்கியவன்.

அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "யோவ், செத்துடலாம்னு நினைக்கிறியா?"

"அக்கா! நீயே எடுத்துக் குடுக்காதே!"

"பொத்துடா. கேக்காமதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

அவன் அவள் கையை விலக்கினான். பிறகு, "தினமும் கீழ பாக்குறேன். விழுந்தா உங்களுக்கும் நிம்மதி" என்றான்.

தம்பிக்கு முகம் வெளுத்தது. "புலின்னு கைதட்டினேனே, பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

தம்பியின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. மேஸ்திரி. அவள் பிடுங்கினாள்.

"அவரு வரமாட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அடி பட்டுச்சா?"

"மனசு சரியில்ல."

மேஸ்திரி சிரித்தான். "எனக்குந்தான் சரியில்ல. ரெண்டு ரவுண்டு ஊத்திக்கிட்டா சரியாயிடும்."

"நீ ஊத்திக்கிட்டுச் சாவு. என் புருஷன் இனி உன் சாரத்துல ஏறமாட்டான்."

போனைத் தம்பியிடம் எறிந்தாள். சட்டையைப் புருஷன் மேல் எறிந்தாள்.

"பைத்தியம்னு சொல்வாங்கடி."

"சொல்றவன் வாயில நெருப்பு வைக்கிறேன். இப்ப சொன்னதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லணும். நீ முழுங்கினா நான் சொல்வேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். என்னை விட்டுத் தொலைங்க."

"மாமா, நடந்து வரீங்களா, மூட்டை மாதிரி தூக்கட்டுமா?" தம்பி அவன் புஜத்தைப் பிடித்தான்.

புருஷன் இருவரையும் வெறுப்போடு பார்த்தான். "கையை எடுடா, நாயே" என்று எழுந்து நின்றான்.

தம்பி கையை எடுக்கவில்லை.